அண்ணிக்காக வாங்கிய லென்ஸ்

சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது மூலையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத்தான். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் கேமராச் சாமான்களில் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாங்கிய பெட்டி. அதன் கீழ்த்தட்டில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை லென்ஸ் ஒன்று படுத்திருக்கிறது. "அம்மாடி, இது என்ன பீரங்கியா?" என்று கேட்காதவர் கிடையாது. "சும்மா, பறவை எடுக்க" என்பேன். இதுவரை அதில் ஒரு காக்காயைக்கூட நான் எடுத்ததில்லை. சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சூடாகிவிடும். இருந்தாலும் வாய் அதைத்தான் சொல்கிறது. கெட்டுப்போன வாய்.

அந்த லென்ஸை நான் வாங்கியது என் அண்ணிக்காக. அண்ணி என்றால் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. எங்கள் அம்மா இறந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அடுத்த வருடமே அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பதற்காகச் செய்த கல்யாணம் என்று அண்ணனே இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வார். செம்பவாங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகளாக வளர்ந்தவர் அண்ணி. பிடோக்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் பள்ளிச் சட்டைகளின் பொத்தான்களையெல்லாம் பிரித்து, இறுக்கமாகத் திரும்பத் தைத்தார். பள்ளியில் ஆசிரியை அவரை என் அம்மா என்றே நினைத்துப் பேசினார். நானும் திருத்தவில்லை, அவரும் திருத்தவில்லை. பிறகு அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அதற்காக என் தட்டில் ஒரு கரண்டி குறைந்தது கிடையாது.

இவ்வளவு இருந்தும் எங்களுக்குள் ஒரு மரியாதைத் தூரம் உண்டு. அண்ணி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் நான் எழுந்து காரிடாருக்குப் போய்விடுவேன். அவர் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தால், ஹாலுக்குள் வருமுன் தொண்டையைக் கனைப்பேன். யாரும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழுந்தன் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ரத்தத்தில் ஊறியிருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிட, சமையலறை வாசலில் நின்று அவர் முதுகிடம் பேசியதுதான் அதிகம்.

அண்ணிக்குத் தேக்காவில் ஒரு சேலைக் கடையில் வேலை. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டு, வருகிறவர்களுக்காகச் சேலையைத் தன் தோளில் போட்டுப் போட்டுக் காட்டவேண்டும். அப்படி நின்று நின்று முழங்கால் போய்விட்டது. தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். பிடோக் நீச்சல் குளத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. தலைமுதல் கணுக்கால்வரை மூடிய நீச்சலுடையில் வருவார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணிக்குத் தைரியம் வந்தது. கேலாங் சிராய் கடையில் அதே மாதிரி கருநீலத்தில் ஒன்று வாங்கிக்கொண்டார். அந்தக் கோச் வாரக் கடைசிகளில் அலைச்சறுக்குக்குப் போகிறவர். சிங்கப்பூர்க் கடலில் அலை ஏது? கப்பல் போனால் கொஞ்சம் தளும்பும், அவ்வளவுதான். ஆனால் வருடக் கடைசியில் பருவமழை வந்துவிட்டால், எல்லை தாண்டி மலேசியாவில் டெசாரு கடற்கரையில் நல்ல அலை எழும்பும். சிங்கப்பூர்க்காரர்கள் வேன் பிடித்து, பலகையை மேலே கட்டிக்கொண்டு போவார்கள். "நீங்களும் வாங்க லா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று கோச் ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறார். பார்க்கப்போன அண்ணி பலகையில் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. தடுக்கமாட்டார், ஆனால் வாய் சும்மா இருக்காது. "மிதக்கிறதுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போறவ உலகத்திலேயே இவ ஒருத்திதான்" என்பார். அண்ணியால் பலகையில் எழுந்து நிற்க முடியவில்லை. அலை வரும்போது முட்டி போட்டுவிடுவார், அதற்குமேல் முழங்கால் இடம் கொடுக்காது, பொத்தென்று விழுவார். இதையும் அவரே வீட்டில் வந்து வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தார். அண்ணனுக்குக் கேட்கவேண்டுமா? "கடல்ல போய் முட்டி போட்டு யாரைக் கும்பிட்டுட்டு வர்றே?" என்று வருகிறவர் போகிறவர் முன்னாலெல்லாம் கேட்பார். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குறைவது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மதியம் அண்ணி தன் கடைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார். தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தோம். எனக்குப் பிரியாணியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் பால் விடாத தே ஓ மட்டும் குடித்தார். பொங்கலுக்குப் பிறகு முழங்கால் மாற்று அறுவைச்சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குப் பிறகு பலகை கிலகை எல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். "இந்த மழைக்காலம்தான் தம்பி. அதுக்குள்ள ஒரு தடவை நின்னுடுவேன்னு தோணுது. நின்னா ஒரு போட்டோ வேணும். கோச் போன்ல எடுத்தா எறும்பு மாதிரி இருக்கு. நீதான் கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கிறியே, வந்து எடுத்துத் தருவியா? ஒண்ணே ஒண்ணு போதும். உங்க அண்ணன்கிட்ட காட்டணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடிக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வளர்த்தவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான். "என்ன அண்ணி, இதுக்குப் போய் இப்படிக் கேக்கறீங்க" என்று பெரிய மனிதனாட்டம் சொன்னேன்.

சொல்லியாகிவிட்டது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும்தான் உடம்பெல்லாம் கூசியது. நனைந்த நீச்சலுடை. என்னதான் மூடியிருந்தாலும் நனைந்தால் ஒட்டும். அதில் அண்ணி. கேமராவில் நான். காரிடாருக்கு எழுந்து போகிறவன், இப்போது கண்ணை வைத்து உற்றுப் பார்க்கவேண்டும். முடியாது என்று சொல்லவும் வாயில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. தூரமாக நின்றுவிட்டால் போயிற்று.

கரையிலிருந்து அலைச்சறுக்கு எடுப்பதற்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அந்த வாரம் முழுக்கப் படித்தேன். என்னிடம் இருந்தது எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர்வரை போகும் கல்யாண லென்ஸ். அலை கரைக்குப் பக்கத்திலேயே உடைகிற கடற்கரை என்றால், தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டு அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். ஆள் கொஞ்சம் சிறிதாகத் தெரிவார். நூறிலிருந்து நானூறு என்றால் தாராளம். கையில் தூக்கலாம், ஆள் கிட்டே வந்தால் சுருக்கிக்கொள்ளலாம், தள்ளிப்போனால் நீட்டிக்கொள்ளலாம். அறுநூறு என்பது அலை வெகுதூரத்தில் உடைகிற இடங்களுக்கு. கனம் அதிகம், ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் கை ஓய்ந்துவிடும்; முழு நீளத்தில் வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே போகும், மழைக்கால வானத்துக்கு அது லாயக்கில்லை; வேகமாக நகர்கிற ஆளைச் சின்னச் சட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அலையே முடிந்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனேன்.

சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் வரிசையாகக் கேமராக் கடைகள் இருக்கும். ஒரு கடையின் சீன முதலாளி, தவுக்கே, டெசாருவில் எடுக்க லென்ஸ் வேண்டும் என்று நான் கேட்டதும், "எவ்வளவு தூரத்துல நிக்கப்போறே?" என்றார். சாதாரணக் கேள்வி. யாரை எடுக்கிறாய், எதற்கு எடுக்கிறாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. எனக்கோ கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல இருந்தது. "ரொம்பத் தூரம்" என்றேன். டெசாருவுக்கு நானூறே போதுமே என்று அவர் அதை எடுத்து வைத்தார். இல்லை, அறுநூறு வேண்டும் என்று அடம்பிடித்தேன். நானூறில் எடுத்தால் அண்ணி இருக்கும் கூட்டத்தோடு நானும் நிற்கவேண்டியிருக்கும். அறுநூறு என்றால் மரங்களுக்குள் நின்றுகொள்ளலாம். என் லென்ஸ் தேர்வின் ரகசியம் இவ்வளவுதான். நாலு பேர் கட்டுரை எழுதி விளக்குகிற விஷயத்தை வெட்கம் ஒரே நொடியில் முடிவு செய்துவிட்டது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வேனில் போனோம். அண்ணி கழுத்தில் தங்கச் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு இருந்தது. கடலில் தாலிச்சங்கிலி போய்விடக்கூடாதென்று போகும் நாளில் மட்டும் மாற்றிக்கொள்வாராம். கடற்கரையில் கோச்சும் அவர் ஆட்களும் தண்ணீர் ஓரமாகப் பாய் விரித்தார்கள். "நீயும் இங்கேயே நில்லு தம்பி, இதுதான் நல்ல இடம்" என்று அண்ணி சொன்னார். "சரி அண்ணி" என்றேன். அவர் பலகையோடு உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, மணல்மேட்டுக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

அறுநூறு செய்யும் வேலை எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எட்டிப்போக எட்டிப்போக அது அண்ணியை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தது. நனைந்த மஞ்சள் கயிறு. உப்புத் தண்ணீரில் சிவந்த கண். விழுந்து எழுந்து, மூக்கைச் சிந்தி, தனக்குத்தானே ஏதோ திட்டிக்கொண்டு, மறுபடி பலகையில் வயிற்றைப் போட்டு ஏறுகிற அண்ணி. இந்த முகத்தை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. வீட்டில் எங்களுக்குச் சோறு போடுகிற முகம் இல்லை இது. எதையோ விடாப்பிடியாக விரும்புகிற ஒரு பெண்ணின் முகம். பார்க்கக்கூடாததைப் பார்ப்பதுபோல இருந்தது. கண்ணை எடுத்தேன், மறுபடி வைத்தேன், கை மட்டும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது.

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் பக்கத்து விடுதியின் காவலாளி, மலாய் இளைஞர். அவரோடு நீச்சலுடையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுப் பெண். அவர்தான் புகார் சொல்லியிருக்க வேண்டும். சொல்லமாட்டாரா? மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, நடுவயது ஆண் ஒருவன் பீரங்கியை வைத்துக் கடலில் குளிக்கிற பெண்களை எடுத்துக்கொண்டிருந்தால் நானே புகார் சொல்வேன். காவலாளி மரியாதையாகத்தான் கேட்டார். "அங்கிள், யாரைப் படம் எடுக்கறீங்க?"

"என் அண்ணியை" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பாயைக் காட்டியிருக்கலாம், கோச்சைக் காட்டியிருக்கலாம். நான் "பேர்ட்ஸ்" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. "ஈகிள்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்லத் துப்பில்லாதவன் பொய் சொன்னால் இப்படித்தான். கேமராவைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார். கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே பெண்மணி. பலகையில் உட்கார்ந்திருக்கிறார், உடையின் ஓரத்தைப் பிழிகிறார், மூச்சு வாங்குகிறார். ஒரு கழுகும் இல்லை. அந்த வெளிநாட்டுப் பெண் எட்டிப்பார்த்துவிட்டு 'சீ' என்பதுபோல ஏதோ சொன்னார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் அண்ணன் மனைவி என்று ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அது பறவையைவிடக் கேவலமாகக் கேட்டது. மானம் கப்பலேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கடல் பக்கம் ஒரு கூச்சல். கோச்சின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு அலை, பெரியது இல்லை, நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதன்மேல் அண்ணி முட்டி போட்டிருந்தார். ஒரு கையை ஊன்றினார். ஒரு கால் முன்னால் வந்தது. பிறகு எழுந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி, பலகைமேல் நின்றார். விழுவார் என்று நினைத்தேன். விழவில்லை. அலை நுரையாகிக் கரைந்து, பலகை மணலில் உரசும்வரை நின்றுகொண்டே வந்தார். என் கேமரா காவலாளியின் கையில் இருந்தது.

இறங்கிய அண்ணி பாயைப் பார்த்தார். என்னைக் காணோம் என்றதும் கரையெல்லாம் தேடினார். மரத்தடியில் கண்டுபிடித்துவிட்டு, பலகையைப் போட்டது போட்டபடி, நொண்டி நொண்டி மணல்மேட்டில் ஏறினார். தூரத்திலிருந்தே "எடுத்தியா தம்பி? எடுத்தியா?" என்று கத்திக்கொண்டு வந்தார். சந்தோஷத்தில் முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் மற்ற இருவரையும் கவனித்தார். காவலாளி மலாயில் அவரிடம் கேட்டார்: இவரை உங்களுக்குத் தெரியுமா, பறவை எடுப்பதாகச் சொல்கிறார், எல்லாம் உங்கள் படமாக இருக்கிறதே.

அண்ணி என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். திரும்பி, தண்ணீர் ஓரத்தில் தாம் நிற்கச் சொன்ன இடத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. "அனாக் சாயா" என்றார் காவலாளியிடம். என் பிள்ளை என்று அர்த்தம். நான்தான் எடுக்கச் சொன்னேன், அவனுக்குக் கொஞ்சம் கூச்சம் என்று அவரே எனக்காகச் சிரித்து, மன்னிப்பும் கேட்டார். கேமரா திரும்பி வந்தது. அவர்கள் போனபின் அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இங்கேயா நின்னுக்கிட்டு இருந்தே?" பதில் சொல்ல வாயெடுத்தேன். "சரி சரி, துண்டை எடு. குளுருது" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அலையும் சரியாக எழும்பவில்லை, மழையும் பிடித்துக்கொண்டது.

பிடோக் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கதவைத் திறந்துகொண்டே, "என்ன, ராணியம்மா நின்னாங்களா? போட்டோ எங்க?" என்றார். வேனில் வரும்போதே தீர்மானித்திருந்தேன், என்ன ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவதென்று. "அண்ணா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அண்ணி செருப்பைக் கழற்றியபடி, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "எங்கங்க நின்னேன், இந்த முட்டியை வச்சுக்கிட்டு? நின்னாத்தானே அவன் எடுக்க முடியும்." அண்ணன் கைதட்டிச் சிரித்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார். அண்ணி எங்களைத் தாண்டிச் சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பறவைக் கதை வெளியே வராமல் இருக்க, தாம் நின்றதையே இல்லை என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு வசதியாக இருந்தது!

அந்த மழைக்காலத்தில் மறுபடி அவர் போகவில்லை. பொங்கல் முடிந்து அறுவைச்சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், கடைக்கும் போகிறார். அண்ணனின் கேலி மட்டும் நிற்கவில்லை. நிற்காத ராணி என்பது அந்த வீட்டில் நிரந்தரமான நகைச்சுவையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அண்ணி சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் நான் போனை எடுத்து, அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

போன தீபாவளிக்கு என் மாமனார், மாமியாரோடு பிடோக் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அவர்களுக்கு அந்தக் கதையை ஆரம்பித்தார். முட்டி போட்டது, பாஸ்போர்ட், எல்லாம் வரிசையாக வந்தது. "கடைசி வரைக்கும் நிக்கவே இல்லை சம்பந்தி" என்று முடித்தார். என்னால் தாங்கமுடியவில்லை. "அண்ணா, அண்ணி நின்னாங்க" என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கரை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. "அப்படின்னா போட்டோ எங்கடா? அவ்வளவு பெரிய லென்ஸை வாங்கிட்டுப் போயி நின்னதை எடுக்கலைன்னா எவன் நம்புவான்?" என்றார் அண்ணன். அடுத்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. மாமனார் இருந்தார், மாமியார் இருந்தார், என் மனைவி இருந்தாள். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அந்த இடைவெளியில் அண்ணன் என் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, எல்லாரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பார்த்தீங்களா? இவன் அவ வளர்த்த பிள்ளை. நாலு பேர் முன்னாடி அவளை விட்டுக்கொடுக்கவே மாட்டான்."

மாமியார் தலையை ஆட்டி, அப்படியல்லவா இருக்கவேண்டும் என்றார். அண்ணி என் இலைப் பக்கம் குனிந்து, இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். போதும் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.